அரங்கேற்றத்துக்கு மறுநாள்

கடந்த சில வாரங்களில் எனது மேசைக்கு வந்து சேர்ந்த அழைப்பிதழ்களை நேற்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தேன். நான்கு பரதநாட்டிய அரங்கேற்றங்கள். நான்கும் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் வாழும் குடும்பங்கள் அனுப்பியவை. ஒவ்வொன்றும் திருமண அழைப்பிதழைக் காட்டிலும் கனமானது. பொன்னிற எழுத்துகள், நடன மங்கையின் வண்ணப் படங்கள், பிரதம விருந்தினரின் பட்டங்களுக்கென்றே ஒரு முழுப் பக்கம். இவற்றுக்கிடையே மெல்லிய துண்டுப் பிரசுரம் ஒன்றும் கிடந்தது. கொழும்பு ஏழில் நவீன நடனக் குழுவொன்று தொடர்ச்சியாக நடத்தவிருக்கும் ஆற்றுகைகளின் நிரல் அது. 'சமூக நிகழ்வுகள்' என்ற தலைப்பில் பயிற்சிப் பட்டறைகளும் கலந்துரையாடல்களும் அதில் குறிக்கப்பட்டிருந்தன. ஆங்கிலம் இருந்தது, சிங்களம் இருந்தது. தமிழில் ஓர் எழுத்துக்கூட இல்லை.

இந்த இரண்டு வகைத் தாள்களும் சேர்ந்து ஒரு செய்தியைச் சொல்லுகின்றன. அதை எழுதினால் கோபிப்பவர்கள் இரு பக்கத்திலும் இருப்பார்கள். கோபிக்கட்டும். எனது வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்புத் தமிழராகிய நாம் ஆண்டுதோறும் ஆடத் தெரிந்த பிள்ளைகளை உருவாக்குகிறோம். அவர்கள் ஆடுவதற்கு ஓரிடத்தை உருவாக்கவில்லை. அரங்கேற்றத்தைக் கொண்டாடுகிறோம், அரங்கேற்றத்துக்கு மறுநாளைப் பற்றி நினைப்பதேயில்லை.

*

முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகையில் இருப்பவன் என்ற முறையில் இதில் எனக்கும் பங்குண்டு. ஞாயிறு பதிப்பின் கலைப் பக்கத்துக்காக நான் எழுதிய அரங்கேற்ற விமர்சனங்கள் கொஞ்சமல்ல. 'அபிநயத்தில் மிளிர்ந்தார்', 'தாளக் கட்டுப்பாடு பிரமிக்க வைத்தது', 'குருவுக்குப் பெருமை சேர்த்தார்' என்ற மூன்று வாக்கியங்களையும் இடம் மாற்றி மாற்றி எழுதியே காலத்தை ஓட்டியிருக்கிறேன். முன்வரிசைக் கதிரை, இடைவேளையில் சிற்றுண்டி, முடிவில் பொன்னாடை. இவற்றைப் பெற்றுக்கொண்டவன் உண்மையை எழுதுவது எங்ஙனம்?

சில மாதங்களுக்கு முன் வங்கியொன்றில் வரிசையில் நின்றபோது, கருமபீடத்துக்கு அப்பால் இருந்த பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "அங்கிள், என்ர அரங்கேற்றத்துக்கு நீங்கள்தானே எழுதினீங்கள்? அம்மா அந்தப் பேப்பரைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வச்சிருக்கிறா" என்றார். எனக்குப் பெயர் நினைவில்லை, ஆட்டம் நினைவிருந்தது. அன்று வர்ணத்தின்போது மண்டபம் மூச்சடங்கியிருந்ததும் நினைவிருந்தது. "இப்பவும் ஆடுறீங்களோ பிள்ளை?" என்று கேட்டேன். "இல்லை அங்கிள். அரங்கேற்றத்துக்குப் பிறகு எங்க ஆடுறது?" என்றார். குறையாகச் சொல்லவில்லை, மழை பெய்கிறது என்பதுபோல இயல்பாகச் சொன்னார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

அவர் பத்தாண்டுகள் பயின்றவர். சலங்கை கட்டிப் படிப்படியாகப் பரீட்சை எழுதி ஏறியவர். பெற்றோர் பல இலட்சங்களைச் செலவிட்டார்கள். மண்டபம், ஒப்பனை, பட்டாடைகள், சிறப்பு மலர், சென்னையிலிருந்து விமானத்தில் வந்த பக்கவாத்தியக் கலைஞர்கள். எல்லாம் ஒரு மாலைப்பொழுதுக்கு. அந்த மாலையில் பார்வையாளராக இருந்தவர்கள் உறவினர், பெற்றோரின் அலுவலக நண்பர்கள், ஏனைய நடன மாணவிகளின் தாய்மார். நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு, ஆடுபவர் யாரென்றே அறியாமல், நடனத்தைப் பார்ப்பதற்கென்று வந்த ஒருவரேனும் அங்கிருந்தாரா? இருந்திருக்க முடியாது. அவருக்கு அழைப்பிதழ் இல்லை.

அறியாதவர் பார்க்க வராத ஆட்டத்தைக் குடும்ப வைபவம் என்று சொல்லலாம். அது தவறான காரியம் அல்ல. பிறந்தநாளும் பூப்புனித நீராட்டுவிழாவும் போல அதுவும் ஒரு மகிழ்ச்சி. ஆனால் அதையே கலை வளர்ச்சி என்று மேடையில் ஏறி முழங்குவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

*

அரங்கேற்றம் என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். அரங்கில் ஏறுவது அது; இறங்குவது அல்ல. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஐந்து வயதில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டுகள் கற்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன்னிலையில் அரங்கேறுகிறாள். தலைக்கோல் பட்டம் பெறுகிறாள். கதை அங்கே முடிந்துவிடவில்லை. அதன் பிறகு இந்திர விழாவில் ஊர் கூடி நிற்கப் பதினோராடலையும் ஆடுகிறாள். அவள் வாழ்வின் துயரம் வேறு விடயம். அவளுடைய குலத்தின்மேல் அச்சமூகம் சுமத்திய அநீதியை நான் போற்ற வரவில்லை. ஆனால் அரங்கேற்றம் ஒரு கலைஞரின் தொடக்கம் என்பதில் இளங்கோவடிகளுக்கு ஐயம் இருக்கவில்லை. அதை முடிவாக மாற்றியவர்கள் நாம்.

முடிவாக மாறியதற்குக் காரணமும் இருக்கிறது. தேவதாசியரின் சதிர், 1930களில் சென்னையில் பரதநாட்டியம் என்ற பெயருடன் நடுத்தர வர்க்க வீடுகளுக்குள் வந்தது. 1935இல் ருக்மிணி தேவி மேடையேறினார். அடுத்த ஆண்டு கலாஷேத்திரா தோன்றியது. கௌரவமான குடும்பத்துப் பெண்கள் கற்கலாம் என்றாயிற்று. கற்கலாம், ஆனால் அதையே தொழிலாகக் கொள்ளலாமா? அந்த இடத்தில் நமது கௌரவம் இன்றுவரை தடுமாறுகிறது. ஆடத் தெரிந்த மகள் பெருமை. ஆடிச் சம்பாதிக்கும் மகள் சங்கடம். பரம்பரையாக ஆடியவர்களிடமிருந்து கலையை எடுத்துக்கொண்டோம். அவர்களிடமிருந்த தொழிலை எடுத்துக்கொள்ளவில்லை. தொழில் இல்லாத இடத்தில் குழு இல்லை. குழு இல்லாத இடத்தில் ஒரு பருவம் முழுவதும் ஆடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. எனது பத்திரிகை வாழ்வில், கொழும்பில் ஆண்டு முழுவதும் ஒத்திகை பார்த்து, சீட்டு விற்று, பொதுமக்களுக்காகத் தொடர்ந்து ஆடும் தமிழ் நடனக் குழு ஒன்றை நான் கண்டதில்லை. தனி ஆசிரியைகள் தம் கைப்பணத்தைப் போட்டு அரிய நாட்டிய நாடகங்களை மேடையேற்றியிருக்கிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம். அவர்களை ஓரிரு மேடைகளோடு களைத்துப் போகவிட்டது நமது சமூகமே.

*

இந்த நகரத்தில் இது முடியாத காரியமா? முடியும் என்பதற்குச் சான்று நமக்கு அயலிலேயே இருக்கிறது.

சித்ரசேன 1921இல் பிறந்தவர், 2005இல் மறைந்தார். கண்டிய நடனம் அப்போது கிராமச் சடங்குகளோடும் பெரஹரவோடும் இணைந்திருந்தது. அதை ஆடியவர்கள் சாதியடுக்கில் தாழ்த்தி வைக்கப்பட்ட பறைகொட்டும் குடும்பத்தினர். நகரத்துப் பிள்ளையான சித்ரசேன அந்த ஆசான்களிடம் பணிந்து கற்றார். திருவிதாங்கூர் சென்று கதகளி பயின்றார், சாந்திநிகேதனிலும் இருந்தார். 1940களில் ஒரு குழுவை அமைத்தார். கொள்ளுப்பிட்டியில் பள்ளி நடத்தினார். அவருடைய மனைவி வஜிரா, கண்டிய நடனத்தைத் தொழிலாகக் கொண்டு மேடையில் ஆடிய முதற் பெண் எனப் போற்றப்படுபவர். 1961இல் அவர்கள் மேடையேற்றிய 'கரதிய' மீனவர்களின் வாழ்க்கையைச் சொன்ன நடன நாடகம். அரசர்களும் தேவர்களும் மட்டுமே ஆடுவதற்குரியவர்கள் என்ற எண்ணத்தை அது உடைத்தது.

பின்னர் கொள்ளுப்பிட்டி இடம் கைவிட்டுப் போயிற்று. சொந்தக் கூரையின்றிக் கழிந்த நீண்ட ஆண்டுகளுக்குப் பின்னரே நாரஹேன்பிட்டியில் அவர்களின் கலாயதனம் எழுந்தது. அந்த இடைவெளியிலும் குழு கலையவில்லை. பேத்தியார் ஹேஷ்மா விக்னராஜா இன்று மூன்றாம் தலைமுறையாக அதன் கலைப் பணியை முன்னெடுக்கிறார். 2012இல் பெங்களூருக்கு அருகிலுள்ள நிருத்யகிராமத்தின் ஒடிசி நடனக் கலைஞர்களோடு இணைந்து 'சம்ஹார' என்ற படைப்பை உருவாக்கினார்கள். கூரை போனாலும் குழு நிற்கும். குழு இல்லையெனில் எத்தனை மண்டபங்கள் இருந்தும் பயனில்லை. வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபமும், பம்பலப்பிட்டிச் சரஸ்வதி மண்டபமும், புதிய கதிரேசன் மண்டபமும் நமக்கு இருக்கின்றன. மண்டபம் நமது குறைபாடே அல்ல.

'அவர்கள் பெரும்பான்மையினர், அரசு அவர்களுடையது' என்று உடனே ஒருவர் சொல்லுவார். உண்மை. அரசின் கலாசார நிதி எந்தப் பக்கம் சாய்ந்து ஓடியது என்பதை நான் அறியாதவன் அல்லன். ஆனால் ஓர் அரங்கேற்றத்தின் செலவை அரசிடமா கேட்டோம்? பல இலட்சங்களை ஓர் இரவுக்குத் திரட்டத் தெரிந்த சமூகம், அதே பணத்தை ஆறு இரவுகளுக்குப் பகிர்ந்து செலவிடத் தெரியாமல் இருப்பதற்கு அரசைக் குற்றஞ்சொல்ல முடியாது.

*

இனிக் கொழும்பு ஏழின் பக்கம் வருகிறேன்.

கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன் நான். கொழும்பு பதின்மூன்று. துறைமுகத்துத் தொழிலாளர், செட்டியார் தெருக் கடைச் சிப்பந்திகள், மலையகத்திலிருந்து வந்து தங்கிவிட்டவர்கள், கத்தோலிக்கர், இந்துக்கள், முஸ்லிம்கள் என்று ஒரே ஒழுங்கைக்குள் எல்லோரும் வாழ்ந்த ஊர். கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் இடையே ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர். ஆடிவேல் விழாவில் செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் வேல் காலி வீதி வழியே பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் போய்த் திரும்பும். கடவுள் போய்வரும் இந்தத் தூரத்தை நமது கலைகள் கடப்பதில்லை. வெள்ளவத்தை நடன வகுப்பின் கட்டணத்தைக் கொடுக்கக் கொட்டாஞ்சேனைத் தொழிலாளியால் இயலாது. இயன்றாலும், அங்கே தன் பிள்ளையை எந்த வரிசையில் நிறுத்துவார்கள் என்ற அச்சம் அவருக்கு உண்டு. அந்த அச்சத்துக்குச் சாதி என்றும் வர்க்கம் என்றும் பெயர். அதை நாம் உரத்துச் சொல்லுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், நவீன நடனக் குழுவொன்று எங்கள் பகுதியில் 'சமூக நிகழ்வு' ஒன்றை நடத்தியது. பெயர் வேண்டாம். தேவாலய மண்டபமொன்றில் ஐம்பது பிள்ளைகளைக் கூட்டினார்கள். பெரும்பாலானோர் தமிழ்ப் பிள்ளைகள். பயிற்றுநர் ஆங்கிலத்தில் பேசினார். உதவியாளர் சிங்களத்தில் மொழிபெயர்த்தார். தமிழில் சொல்ல எவருமில்லை. பதாகையிலிருந்த தமிழில் இரண்டு வரிகளுக்கு மூன்று பிழைகள். ஆயினும் பிள்ளைகள் அற்புதமாக ஆடினார்கள். 'உங்கள் உடலில் ஒரு பாரத்தைச் சுமந்து நடவுங்கள்' என்று சொல்லப்பட்டபோது, ஒரு சிறுவன் மூட்டை சுமப்பவனைப்போல முதுகை வளைத்து, கழுத்தைச் சற்றே திருப்பி, கால்களை அகல வைத்து நடந்தான். அவனுடைய தகப்பனார் புறக்கோட்டையில் நாட்டாமை வேலை செய்பவர் என்று பின்னர் அறிந்தேன். பயிற்றுநர் கண் கலங்கினார். புகைப்படம் எடுத்தார்கள். கேக் கொடுத்தார்கள். போய்விட்டார்கள்.

மறுமாதம் அக்குழு கொழும்பு ஏழில் மேடையேறியது. பாரம் சுமக்கும் அந்த நடை அங்கே ஓர் அங்கமாக இருந்தது, வேறொருவர் ஆடினார். சிறுவனுக்கு அழைப்பில்லை. அவன் அன்று காட்டிய நடைக்கு நிகழ்ச்சி மலரில் ஒரு வரி நன்றியும் இல்லை. 'சமூக நிகழ்வு' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ஐயம் எழுவது இதனால்தான். சமூகத்திடமிருந்து எடுத்துக்கொண்டு வேறிடத்தில் விற்பதற்குப் பெயர் சமூக நிகழ்வு அல்ல.

எல்லோரும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. லண்டனில் ஷோபனா ஜெயசிங் சென்னையில் பிறந்தவர், பரதநாட்டியம் கற்றவர், 1980களின் இறுதியிலிருந்து தமது நடனக் குழுவை நடத்தி வருபவர். 1918ஆம் ஆண்டின் விஷக் காய்ச்சல் கோடிக்கணக்கானோரைக் கொன்றதை நினைவுகூர்ந்து, நூறாண்டுகள் கழித்து 2018இல் 'கன்டேஜன்' என்ற படைப்பைச் செய்தார். அது வழக்கமான நாடக மேடைகளுக்குள் அடைபடாமல், கலைக்கூடங்களிலும் பழைய வரலாற்றுக் கட்டடங்களிலும் ஊர் ஊராக ஆடப்பட்டது. பார்வையாளர் அரங்கைத் தேடி வருவதற்குப் பதிலாக ஆட்டம் அவர்களைத் தேடிச் சென்றது.

சென்னையிலேயே இன்னோர் எடுத்துக்காட்டு உண்டு. பெசன்ட் நகரிலுள்ள ஊரூர், ஆல்காட் குப்பங்கள் மீனவர் வாழும் இடங்கள். 2015இல் பாடகர் டி. எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் ஊர் மக்களோடு சேர்ந்து அங்கே விழாவொன்றைத் தொடங்கினார்கள். கர்நாடக இசையும் பரதநாட்டியமும் பறையாட்டமும் ஒரே மேடையில் நிகழ்ந்தன. சபாக்களின் மார்கழிப் பருவத்துக்கு அது ஒரு மறுமொழி. அதைப் பற்றி மாற்றுக் கருத்துகளும் எழுந்தன, எழத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் ஒரு நாள் புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விடவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் திரும்பி வந்தார்கள். திரும்பி வருதல்தான் சோதனை.

*

இனி ஆட்சேபங்கள். மூன்றை எனக்குத் தெரியும்.

முதலாவது: நவீன நடனம் மரபைக் கெடுக்கும். நாம் இன்று ஆடும் மார்க்கமே தஞ்சை நால்வர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்தியது. அன்று அது புதுமை. சந்திரலேகா காஞ்சிபுரம் எல்லப்பபிள்ளையிடம் பரதம் கற்றவர். 1985இல் 'அங்கிக' என்ற படைப்பில் பரதத்தையும் களரிப்பயிற்றையும் யோகத்தையும் ஒருங்கிணைத்தார். 2006இல் மறையும்வரை அவர் தேடியது பரதத்தின் எலும்புக்கூட்டை. அதன் நகைகளை அல்ல. அவரால் பரதம் அழிந்துவிடவில்லை. ஆடாமல் விடுவதால்தான் கலை அழிகிறது. பெட்டிக்குள் மடித்து வைத்த பட்டாடையை அந்து தின்கிறது.

இரண்டாவது: இது நமக்கு அந்நியமான சங்கதி. அப்படியா? பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மட்டக்களப்பின் வடமோடிக் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்பட்டது, சில மணி நேர ஆற்றுகையாயிற்று. அவரது 'இராவணேசன்' மேடையேறியபோது இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னர் பேராசிரியராகி, அப்பணியைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்தார். இன்னொன்றையும் நினைவிற் கொள்க. சரச்சந்திரவின் 'மனமே' 1956 நவம்பரில் லயனல் வென்ட் அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. நவீன சிங்கள அரங்கின் தொடக்கமாகவே அதைக் கருதுகிறார்கள். அதற்கு அடித்தளமாக அமைந்த நாடகம மரபோ, கரையோரக் கத்தோலிக்கரிடையே வழங்கிய தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்தது. கொழும்பு ஏழின் புகழ்பெற்ற மேடையில் நமது கால் ஏற்கனவே பதிந்திருக்கிறது. அந்நியம் என்று சொல்லித் தள்ளி நிற்பவர்கள் நாம்தான்.

மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது: இத்தனை இழப்புகளுக்குப் பின், காணாமற் போனவர்களைத் தேடி உறவுகள் இன்னும் தெருவில் நிற்கையில், நடனம் ஒரு கேடா? இதைக் கேட்பவர்மீது எனக்குக் கோபம் வருவதில்லை. ஆனால் நான் ஒன்று கேட்கிறேன். 2007 ஜூன் 7ஆம் திகதி நினைவிருக்கிறதா? வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலான இடங்களின் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பலவந்தமாக பஸ்களில் ஏற்றப்பட்டு, வவுனியா முதலான இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அறுவைச் சிகிச்சைக்கு வந்தவர்கள், வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்குக் காத்திருந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள் அந்த விடுதிகளில் இருந்தார்கள். அவசரத்தில் கட்டிய பை, பாதியில் நின்ற சவரம், பஸ் ஜன்னலோரம் திரும்பிய கழுத்து. பத்திரிகையில் எண்ணிக்கையை எழுதினோம். அந்த உடல்களின் அசைவை எழுத எங்களிடம் சொல் இருக்கவில்லை. அதை எழுத வேண்டியது நடனம்.

1983 ஜூலையில் நான் சிறுவன். எங்கள் ஒழுங்கையில் ஒரு மூதாட்டி தன் தையல் இயந்திரத்தைத் தனியே இழுத்துக்கொண்டு ஓடியதைக் கண்டேன். அந்த ஓட்டத்தை எந்த அறிக்கையும் பதியவில்லை. கொழும்புத் தமிழரின் அரை நூற்றாண்டு இப்படிப்பட்ட அசைவுகளால் ஆனது: சோதனைச் சாவடியில் கையை உயர்த்துதல், அடையாள அட்டையை நீட்டுதல், கதவு தட்டப்படும் ஒலிக்கு உறைதல், விமான நிலையத்தில் திரும்பிப் பாராமல் நடத்தல். அடவும் முத்திரையும் கற்ற நமது பிள்ளைகளின் உடலுக்கு இவற்றைச் சொல்லும் ஆற்றல் உண்டு. நாமோ அவர்களைக் கொண்டு கண்ணனின் வெண்ணெயைத் திருடுவிப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

புலம்பெயர்ந்தவர்கள் இதை நிகழ்த்திக் காட்டிவிட்டார்கள் என்பதுதான் வேதனையும் பெருமையும். இலங்கையில் பிறந்த ஆனந்தவல்லி சிட்னியில் 'லிங்காலயம்' என்ற நடனக் குழுவைக் கட்டியெழுப்பினார். அவருடைய மகன் எஸ். சக்திதரன் எழுதிய 'கவுன்டிங் அண்ட் கிராக்கிங்' என்ற நாடகம் 2019 ஜனவரியில் சிட்னி நகர மண்டபத்தில் மேடையேறி, கொழும்பிலிருந்து 1983இல் சிதறிய ஒரு குடும்பத்தின் கதையைச் சொன்னது. நமது நகரத்தின் கதையை நமது நகரத்துக்கு வெளியே போய்த்தான் பார்க்க வேண்டுமா?

*

குறை சொல்லிவிட்டு நழுவுவது பத்திரிகைக்காரரின் பழைய வழக்கம். ஆகவே ஒரு திட்டத்தையும் வைக்கிறேன்.

அரங்கேற்றம் கண்ட பன்னிரண்டு பேர் போதும். ஆண்பிள்ளைகளும் இருக்கட்டும், நடராஜர் ஆண்தானே. ஒவ்வோர் அரங்கேற்றக் குடும்பமும் தன் செலவில் பத்தில் ஒரு பங்கைப் பொது நிதியொன்றில் இடட்டும்; சிறப்பு மலரின் பக்கங்களைக் குறைத்தாலே அதில் ஒரு பகுதி தேறும். வாரத்தில் மூன்று மாலை ஒத்திகை. ஆடுபவருக்கு ஒவ்வொரு மேடைக்கும் சம்பளம். சிறு தொகையேனும் சம்பளமாகவே கொடுக்க வேண்டும், அன்பளிப்பாக அல்ல. ஆண்டில் ஒரு பருவம், ஆறு ஆற்றுகைகள். மூன்று வெள்ளவத்தையில், மூன்று கொட்டாஞ்சேனையில். பிரதம விருந்தினர் இல்லை, பொன்னாடை இல்லை, உரைகள் இல்லை. ஒரு பஸ் பயணச் செலவையும் ஒரு தேநீரையும் தாண்டாத நுழைவுச்சீட்டு. நிகழ்ச்சி மலர் தமிழிலும் சிங்களத்திலும். கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் இருபது பேருக்கு ஆண்டு முழுவதும் கட்டணமற்ற வகுப்பு. அவர்கள் சமூக நிகழ்வின் பயனாளிகள் அல்லர், அடுத்த பருவத்தின் நடனக் கலைஞர்கள்.

கொழும்பு ஏழின் குழுக்களுக்கும் ஒரு விண்ணப்பம். எங்கள் ஊருக்கு வாருங்கள், வரவேற்கிறோம். வரும்போது தமிழ் பேசும் ஒருவரை அழைத்து வாருங்கள். பிள்ளைகளிடமிருந்து ஓர் அசைவை எடுத்துச் சென்றால், அந்தப் பிள்ளையையும் மேடைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இருந்து இதைப் படிக்கும் அன்பர்களே, உங்கள் நகரங்களிலும் இதே அழைப்பிதழ்கள் இதைவிடக் கனமாக அச்சாவதை நான் அறிவேன். கொழும்பிலுள்ள மருமகளின் அரங்கேற்றத்துக்கு நீங்கள் அனுப்பும் பணம் அன்பின் அடையாளம். அடுத்த முறை ஒன்று செய்யுங்கள். 'மறுநாள் அவள் எங்கே ஆடப்போகிறாள்?' என்று கேட்டு அனுப்புங்கள்.

நானும் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். மேசையிலுள்ள நான்கு அழைப்பிதழ்களுக்கும் மறுமொழி எழுதிவிட்டேன். அரங்கேற்றத்துக்கு வாழ்த்து; விமர்சனம் எழுத வரமாட்டேன். அதே பிள்ளை, அடுத்த ஆறு மாதங்களுக்குள், யார் வேண்டுமானாலும் சீட்டு வாங்கி நுழையக்கூடிய ஒரு மண்டபத்தில் மறுமுறை ஆடினால், கடைசி வரிசையில் எனது பணத்தில் சீட்டு வாங்கி உட்கார்ந்து பார்ப்பேன். அன்று எழுதுவேன். குறை இருந்தால் குறையையும் எழுதுவேன். கலைஞருக்குக் கொடுக்கும் மரியாதை அதுதான்.

வங்கியில் இருக்கும் அந்தப் பிள்ளை இதைப் படிக்கக்கூடும். படித்தால், சலங்கையைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.